அப்பா கேட்ட கேள்வி: ஜீனோமிக்ஸ் படிச்சா மரவள்ளித் தேமல் போயிருமா?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். பி.எஸ்சி அக்ரி கடைசி வருஷம், வீடு பெத்தநாயக்கன்பாளையம் பக்கம், அப்பா மூணு ஏக்கர்ல மரவள்ளி போட்டிருக்கார். லீவுக்கு வீட்டுக்குப் போனப்ப "ஜீனோமிக்ஸ் ஜீனோமிக்ஸ்னு படிக்கறியே, அதனால நம்ம காட்டுல தேமல் போயிருமா, இல்ல அதுவும் பிடி பருத்தி மாதிரி ஒண்ணா"ன்னு அப்பா கேட்டார், பதில் சொல்லத் தெரியலன்னு எழுதியிருக்கீங்க. அப்பா கேட்டது நல்ல கேள்வி. நான் இருபது வருஷத்துக்கு மேல பயிர் பிரீடிங்ல, அதாவது புது ரகம் உருவாக்கற வேலையில, இருக்கேன், அதுக்கு முன்னாடி வாழப்பாடிப் பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டுலதான் வளர்ந்தேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது. ஜீனோமிக்ஸ்ங்கறது ஒரு செடியோட மொத்த டிஎன்ஏவையும், அதாவது ஜீனோமை, படிச்சுப் பாக்கறது; ஜீன்ங்கறது அதுல ஒரு குணத்தைத் தீர்மானிக்கற துண்டு. தேமல்ங்கற இந்த இலை நோயைத் தாங்கறதுக்கு எந்த ஜீன் காரணம்னு கண்டுபிடிச்சாச்சு. தேமல் தாங்கற ரகமும் பக்கத்துல ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்துலயே இருக்கு. பாக்கி இருக்கற பெரிய வேலை என்னன்னா, நோய் தாங்கறதும் மில்லுல பாயிண்ட் (மாவுச்சத்துக்குப் போடற மதிப்பு) வர்றதும் ஒரே செடியில வரணும். அந்தச் செடியைத் தேடறதுக்கு ஆகற வருஷத்தைக் குறைக்கறதுதான் ஜீனோமிக்ஸ் செய்யற உதவி.

இனி விவரமா. அடுத்த தடவ காட்டுக்குப் போறப்ப தேமல் வந்த செடி பக்கத்துல உக்காந்து ஒரு இலையைக் கையில வெச்சுப் பாருங்க. விரல் மாதிரி பிரிஞ்சிருக்கற மடல்ல, நடு நரம்புக்கு ஒரு பக்கம் நல்லா பச்சையா விரிஞ்சிருக்கும், இன்னொரு பக்கம் வெளிர் மஞ்சளா திட்டு விழுந்து அந்த இடம் வளராமலே நின்னு போயிருக்கும், ஒரு பக்கம் வளர்ந்து ஒரு பக்கம் நின்னா என்ன ஆகும், மடல் கோணிக்கிட்டு சுருளும். அந்த மஞ்சள் திட்டுல பச்சையம் இல்ல, பச்சையம் இல்லன்னா மாவு செய்ய முடியாது, செடி மேல செய்யற மாவுதான கீழ கிழங்குல போய் இறங்கணும். நான் காலேஜ்ல இருந்தப்ப எங்க வீட்டுல ஒரு வருஷம் வெளியூர்ல இருந்து குச்சி விலை குறைச்சலா கெடைச்சுதுன்னு இலையைப் பாக்காமலே வாங்கிட்டு வந்து நட்டாங்க, நாப்பது நாள்ல காடு முழுக்க மஞ்சள், பத்து மாசம் களையெடுத்து தண்ணி கட்டி பிடுங்கினா கட்டைவிரல் தடிமன்ல கிழங்கு. அன்னிக்கு அம்மா ஒரு கிழங்கைக் கையில வெச்சுக்கிட்டு வரப்புலயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. நான் இந்த வேலைக்கு வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

இதைச் செய்யறது ஒரு வைரஸ். நம்ம பக்கம் அதிகமா இருக்கறது இலங்கை மரவள்ளி மொசைக் வைரஸ், இந்திய மரவள்ளி மொசைக் வைரஸும் உண்டு. வெள்ளை ஈ ஒரு செடியில இருந்து இன்னொண்ணுக்குக் கொண்டு போகும், ஆனா நம்ம ஊர்ல அதைவிட அதிகமா பரப்பறது நாமதான், நோய் வந்த செடியில வெட்டின குச்சியை அடுத்த வருஷத்துக்குக் கரணையா நட்டு. இந்த வைரஸோட மொத்த டிஎன்ஏவும் ரெண்டே ரெண்டு சின்ன வட்டம், ஒவ்வொண்ணுலயும் 2,700 எழுத்து (டிஎன்ஏவோட அடிப்படைத் துண்டைத்தான் எழுத்துன்னு சொல்றேன்) சொச்சம்தான். மரவள்ளியோட ஜீனோம் சுமார் 75 கோடி எழுத்து, 18 ஜோடி குரோமோசோம், 30,000க்கு மேல ஜீன். 75 கோடி எழுத்து இருக்கற செடியை ரெண்டு வட்டமும் சேர்த்து 5,400 எழுத்து சொச்சம் இருக்கற வைரஸ் எப்படி சாய்க்குது? தன்னோட டிஎன்ஏவைப் பிரதி எடுக்கற மெஷின் அதுகிட்ட கெடையாது, செடியோட மெஷினையே எடுத்துப் பயன்படுத்திக்குது. இதை மனசுல வெச்சுக்கோங்க, கீழ வேணும்.

மரவள்ளி பிறந்தது தென் அமெரிக்கால. இந்தத் தேமல் அங்க கெடையாது. 1894ல இன்னிக்கு தான்சானியான்னு சொல்ற நாட்டுலதான் முதல்ல பதிவு பண்ணாங்க. செடி பிறந்த ஊர்ல நோய் இல்ல, அப்ப எதிர்ப்பு சக்திய எங்க போய்த் தேடறது? 1930கள்ல அங்கயே அமானிங்கற ஆராய்ச்சி நிலையத்துல மரவள்ளிய அதோட காட்டுச் சொந்தமான சியரா ரப்பர் மரத்தோட ஒட்டி (ஒண்ணோட மகரந்தத்தை இன்னொண்ணோட பூவுல சேர்த்து விதை எடுத்து) ஒரு எதிர்ப்பைக் கொண்டு வந்தாங்க, அது பல ஜீன் சேர்ந்தது, அதை சிஎம்டி1னு சொல்வாங்க, சிஎம்டிங்கறது மரவள்ளித் தேமல் நோயோட இங்கிலீஷ் பேர்ச் சுருக்கம். அப்புறம் மேற்கு ஆப்பிரிக்கால விவசாயிங்க தலைமுறையா வெச்சிருந்த நாட்டு ரகங்கள்ல, டிஎம்இ3 மாதிரி சிலதுல, தேமல் பக்கத்துலயே வராத அளவுக்கு ஒரு எதிர்ப்பு கெடைச்சது. ஒரே ஜீன், அதுவும் ஓங்கு ஜீன், அதாவது ஒரு காப்பி இருந்தாப் போதும். அதுக்குப் பேர் சிஎம்டி2.

சிஎம்டி2 இருக்குன்னு தெரிஞ்சும் அது எந்த ஜீன்னு பிடிக்க இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. 12வது குரோமோசோம்ல இருக்குன்னு தெரியும், அந்த வட்டாரத்துல எங்கன்னு தெரியாது, சேலம் மாவட்டத்துல இருக்கார்னு தெரியும் வீட்டு நம்பர் தெரியாதுங்கற மாதிரி. 2022லதான் பிடிபட்டது. டிஎன்ஏவைப் பிரதி எடுக்கற டெல்டா பாலிமரேஸ்ங்கற என்சைம் இருக்கே, அதோட முக்கியமான பாகத்தைச் செய்யற ஜீன்ல, என்சைம் வேலை செய்யற மையத்துக்குப் பக்கத்துல ஒரு எழுத்து மாற்றம். அவ்வளவுதான். மேல சொன்னேனே, வைரஸ் செடியோட மெஷினைத்தான் நம்பியிருக்குன்னு, அந்த மெஷின்ல ஒரு சின்ன மாற்றம், செடியோட வேலை நடக்குது, வைரஸ் தடுமாறுது. எனக்கு இந்த விஷயம் இன்னிக்கும் சிலிர்க்கும். எங்கயோ ஒரு காட்டுல ஒரு செடியில தானா வந்த மாற்றம், ஒரு விவசாயி அந்தச் செடி மட்டும் பச்சையா இருக்கறதைப் பார்த்து அதுல குச்சி வெட்டியிருக்கார், அவர் பேர் எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல.

இப்ப ஒரே ஜீன், இருக்கற எடம் தெரியும். இதை வெச்சு என்ன பண்ணலாம்? நெல்லுல பண்ணிக் காட்டியாச்சு. ஒடிசாவுல எஃப்ஆர்13ஏன்னு ஒரு நாட்டு நெல், ரெண்டு வாரம் தண்ணில முங்கினாலும் பிழைச்சு வரும், அதுல இருந்த சப்1ஏங்கற ஜீனை 2006ல கண்டுபிடிச்சாங்க, 2009ல அந்த ஜீன் இருக்கற ஸ்வர்ணா சப்1ங்கற ரகம் வெளிய வந்துருச்சு, நம்ம காவிரி டெல்டாக்காரங்களுக்கு சிஆர் 1009 சப்1 வந்துச்சு. வெளிய இருந்து ஜீன் எதையும் ஊசி போட்டு ஏத்தல, சாதாரணமா நெல்லோட நெல்லை ஒட்டி, வர்ற பிள்ளைச் செடிகள்ல எதுல அந்த ஜீன் வந்திருக்குன்னு டிஎன்ஏ டெஸ்ட் பண்ணிப் பொறுக்கினாங்க. இதுக்குத்தான் மார்க்கர் வழித் தேர்வுன்னு பேர்.

மரவள்ளியிலயும் அதே மாதிரிதான். எதிர்ப்பு இருக்கற தாய்ச்செடியில அந்த ஜீன் ஒரு காப்பி மட்டும் இருந்தா பிள்ளைகள்ல பாதிக்கு வரும் பாதிக்கு வராது. நாத்து ஒரு சாண் வளர்ந்தவுடனே இலையில பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம் துளை போட்டு எடுத்து அனுப்பினா, வராத பாதியை நடறதுக்கு முன்னாடியே கழிச்சிரலாம். நடவு, நிலம், தண்ணி, கூலி, எல்லாம் பாதியாகும்.

சரி, அப்ப ஏன் இன்னும் நம்ம ஊர்க் காடெல்லாம் மஞ்சளா இருக்கு? எதிர்ப்பு ரகம் இல்லாம இல்லையே. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்துல இருக்கற மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 2006லயே ஸ்ரீ பத்மநாபா கொடுத்தாங்க, அது நைஜீரியால இருந்து வந்த செடி, அப்புறம் ஸ்ரீ ரக்ஷா வந்தது, நம்ம ஏத்தாப்பூர்ல ஒய்டிபி 2 இருக்கு. ஆனா அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க, ஹெச் 226, முள்ளுவாடி, குங்கும ரோஸ்னுதான் பேர் வரும். ஹெச் 226 வந்து 1971ல வெளியான ரகம். ஏன் விட மாட்டேங்கறாங்கன்னா, லோடு மில்லுக்குப் போனவுடனே ஒரு கூடை கிழங்கு சாம்பிள் எடுத்து, தண்ணில முக்கி எடை பார்த்து, பாயிண்ட் போடுவாங்க இல்ல, காசு அந்தப் பாயிண்டுலதான். மாவுச்சத்து அதிகமா இருந்தா கிழங்கு அடர்த்தி அதிகம், தண்ணிக்குள்ள எடை கூட நிக்கும். நோயே வராத செடி, ஆனா ரெண்டு மூணு பாயிண்ட் குறையும்னா விவசாயி யோசிப்பார், யோசிக்கணும்தான். ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைக்காரங்களோட கூட்டுறவு சங்கமான சேகோசர்வ் 1981ல வந்தது, சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல புவிசார் குறியீடு கெடைச்சது, இந்த மாவட்டத்துல மரவள்ளின்னா மாவு, மாவுன்னா பாயிண்ட். இதைப் புரிஞ்சுக்காம ரகம் கொடுத்துட்டு விவசாயி எடுத்துக்கலன்னு அவர் மேல குறை சொல்றதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

பாயிண்டுக்கு ஒரு ஜீன் கண்டுபிடிச்சு ஒட்டிர வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. அங்கதான் சிக்கல். மாவுச்சத்து ஒரு ஜீன் வேலை இல்ல. இலை எத்தனை நாள் உதிராம நிக்குது, சர்க்கரை எவ்வளவு வேகமா கீழ இறங்குது, வேர் எப்ப தடிக்க ஆரம்பிக்குது, இப்படி நூத்துக்கணக்கான எடத்துல நூத்துக்கணக்கான எழுத்து, ஒவ்வொண்ணும் துளித்துளியா கூட்டும் குறைக்கும். ஒவ்வொண்ணா தேடிப் பிடிக்க முடியாது. அதுக்கு 2001ல மாட்டு பிரீடிங் பண்ற மூணு பேர், மியூவிசன், ஹேய்ஸ், கோடார்ட், ஒரு வழி சொன்னாங்க, ஜீனோமிக் செலக்‌ஷன்.

மில்லுல பழைய ஆள் ஒருத்தர் இருப்பார் பாருங்க, லோடு வந்தவுடனே ஒரு கிழங்கை எடுத்து படக்குனு ஒடிப்பார், ஒடியற சத்தம், உள்ள வெள்ளை, விரல்ல ஒட்டற பால், பார்த்துட்டு "இருபத்தாறு வரும்"பார், அப்புறம் தண்ணில முக்கிப் பார்த்தா இருபத்தாறு பக்கத்துலதான் நிக்கும். அவருக்கு எப்படித் தெரியும்? இருபது வருஷமா ஆயிரக்கணக்கான லோடை ஒடிச்சும் பார்த்திருக்கார், அப்புறம் வந்த பாயிண்டையும் பார்த்திருக்கார். எந்த அடையாளத்துக்கு எவ்வளவுன்னு அவர் மனசுக்குள்ள கணக்கு ஏறியிருக்கு. ஜீனோமிக் செலக்‌ஷன் அதேதான். சில நூறு மரவள்ளிச் செடிகளை எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் டிஎன்ஏவுல ஆயிரக்கணக்கான எடத்துல என்ன எழுத்து இருக்குன்னு பாப்பாங்க, அதே செடிகளைக் காட்டுல நட்டு பிடுங்கி மாவுச்சத்து, எடை, நோய் எல்லாம் அளப்பாங்க, ரெண்டையும் வெச்சு கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சின்ன மதிப்பு போடும். அப்புறம் புதுசா முளைச்ச நாத்தோட இலையை மட்டும் கொடுத்தா, கிழங்கே வைக்காத செடிக்கு "இது இவ்வளவு வரலாம்"னு சொல்லும். சில சமயம் தப்பும், மில்லு ஆளும் தப்புவார் இல்ல. மாவுச்சத்துக்கு நல்லாவே சொல்லும், கிழங்கு எடைக்கு அவ்வளவு சரியா சொல்லாது, ஏன்னா எடையில மண்ணு, தண்ணி, மழை எல்லாம் சேர்ந்து விளையாடும். 2012ல இருந்து கார்னெல் யுனிவர்சிட்டி முன்ன நின்னு ஆப்பிரிக்க நிலையங்களோட சேர்ந்து நெக்ஸ்ட்ஜென் கசாவான்னு இதை மரவள்ளியில செஞ்சாங்க, டேட்டாவை கசாவாபேஸ்னு எல்லாரும் பாக்கற மாதிரி வெச்சிருக்காங்க, உங்க ப்ராஜெக்டுக்கு அதுல போய்ப் பாருங்க.

இது மரவள்ளிக்கு ஏன் அவ்வளவு அவசரம்னா, மரவள்ளியில பிரீடிங் பண்றது பொறுமையைச் சோதிக்கற வேலை. கிளை பிரியற எடத்துலதான் பூ வரும், நேரா நெட்டுக்குத்தா வளர்ற ரகம், விவசாயிக்குப் பிடிச்ச ரகம், சரியா பூக்கவே பூக்காது. பூத்தாலும் பெண் பூ முதல்ல விரியும், அதே கொத்துல ஆண் பூ விரிய பத்து நாளுக்கு மேல ஆகும். பெண் பூ மேல துணிப்பை கட்டி, மத்தியான வெயில்ல வேற செடியில இருந்து ஆண் பூ பறிச்சு வந்து தொட்டு வெச்சு, காய் வந்தா ஒரு காய்க்கு மூணே விதை, அந்தக் காயும் முத்தினா படார்னு வெடிச்சு விதை தெறிச்சுரும், அதுக்கும் பை கட்டணும். ஒரு விதைக்கு ஒரு செடி, ஒரு செடிக்கு பத்துக் குச்சி, அதைப் பெருக்கி நாலு ஊர்ல நட்டுப் பார்த்து, எட்டு பத்து வருஷம் ஓடிரும். அடுத்த ஒட்டுக்குத் தாய் தகப்பனா எந்தச் செடியை வைக்கலாம்னு நாத்துலயே தீர்மானிச்சு அடுத்த ஒட்டுக்குப் போக முடிஞ்சா அதுல பாதி வருஷம் மிச்சம்.

இன்னொண்ணு, இது ஜீனோம் படிச்சப்பத்தான் நல்லாத் தெரிஞ்சது. நாம குச்சியா நட்டுக்கிட்டே வர்றோம், விதை போடறதில்ல. குச்சி போட்டா செடி அப்படியே நகல், அதுல இருக்கற கெட்ட மாற்றமும் நகல். ஒரு ஜீன்ல ஒரு காப்பி கெட்டு, இன்னொரு காப்பி நல்லா இருந்தா செடி சமாளிச்சுக்கும், வெளிய தெரியாது. 2017ல 241 மரவள்ளிகளோட ஜீனோமைப் படிச்சுப் பார்த்தா, இப்படி மறைஞ்சு நிக்கற கெட்ட மாற்றங்கள் ஏகப்பட்டது. அதனாலதான் மரவள்ளியத் தன் மகரந்தத்தாலயே காய்க்க வெச்சா பிள்ளைங்க நோஞ்சானா வரும். ஆனா அப்படி மறைஞ்சு கெடக்கறதுல நல்லதும் உண்டு. கொலம்பியால இருக்கற சியாட்ங்கற சர்வதேச வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல தன் மகரந்தச் சேர்க்கை பண்ணின பிள்ளைகள்ல அமைலோஸ்ங்கற (சாதாரண மாவுல இருக்கற ரெண்டு கூறுல ஒண்ணு) பொருளே இல்லாத மாவு இருக்கற ஒரு செடி கெடைச்சது, 2007ல எழுதினாங்க. அந்த மாவுல செஞ்ச கூழ் ஐஸ்ல வெச்சு எடுத்தாலும் தண்ணி விடாது, உணவுக் கம்பெனிங்க கூட விலை கொடுக்கற மாவு. சேலத்து மில்லுக்காரங்க இதைப் பத்தி யோசிக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

இப்ப அப்பாவோட ரெண்டாவது கேள்வி, பிடி பருத்தி மாதிரியா. ஜீனோமைப் படிக்கறது வேற, மாத்தறது வேற. மேல இதுவரைக்கும் சொன்னதெல்லாம் படிச்சுப் பொறுக்கறது, ஒட்டறது எல்லாம் பழைய முறையிலதான். பிடி பருத்தியில பாக்டீரியாவோட ஜீன் உள்ள வெச்சிருக்காங்க, 2002ல இங்க அனுமதி கெடைச்சது. இதுக்கு நடுவுல ஜீன் எடிட்டிங்னு ஒண்ணு, வெளி ஜீன் மிச்சம் இல்லாம இருக்கற எழுத்தையே திருத்தறது. 2022 மார்ச்ல மத்திய அரசு அந்த மாதிரித் திருத்தத்துக்கு மரபணு மாற்றுப் பயிர் (ஜிஎம்) விதிகள்ல இருந்து விலக்கு கொடுத்துச்சு, 2025 மே மாசம் ரெண்டு எடிட் பண்ணின நெல் ரகத்தை அறிவிச்சாங்க.

மரவள்ளியில ஜீனை மாத்தற வேலையில ஒரு பாடம் கெடைச்சது. வெளி ஜீன் வைக்கணும்னாலும் எடிட் பண்ணணும்னாலும் செல்லைத் திசு வளர்ப்புல கட்டியா வளர்த்து, அதுல இருந்து திரும்பச் செடியைக் கொண்டு வரணும். சிஎம்டி2 இருக்கற செடிகளை இப்படிக் கொண்டு வந்தப்ப, ஜீன் எதையும் தொடாமலே, நோய் எதிர்ப்பு காணாமப் போயிருச்சு. அதே ரகத்தைக் கணு வெச்சு வளர்த்தா எதிர்ப்பு அப்படியே இருந்துச்சு. 2016ல வந்த முடிவு இது. கிளாஸ்ல ஜீனை சுவிட்ச் மாதிரி சொல்லிக் கொடுத்தா இதை ஞாபகம் வெச்சுக்கிட்டு ப்ரொஃபசர்கிட்ட கேளுங்க.

ஏற்காட்டுல உங்க மாமாவுக்கு காப்பித் தோட்டம் இருக்குன்னு எழுதியிருந்தீங்களே, அவருக்கும் ரெண்டு வரி. அரபிகாங்கறது ரொபஸ்டாவும் யூஜெனியாய்டிஸ்ங்கற இன்னொரு காட்டுக் காப்பியும் சில லட்சம் வருஷத்துக்கு முன்னாடி தானா சேர்ந்து பிறந்தது, 2024ல முழு ஜீனோம் வந்தப்ப அதுல ரகவேறுபாடு எவ்வளவு கம்மின்னு தெளிவாச்சு, அதான் இலைத்துரு நோய் ஒரு தோட்டத்துல வந்தா எல்லாத்துலயும் வருது. எஸ் 795ங்கற அரபிகா ரகத்துல இருக்கற துரு எதிர்ப்பு லைபீரிகாங்கற இன்னொரு காப்பி இனத்துல இருந்து வந்தது, அதை டிஎன்ஏ டெஸ்டுல அடையாளம் காட்டற மார்க்கர் இருக்கு. காப்பி காய்க்க மூணு நாலு வருஷம் ஆகுமே, அங்க நாத்துலயே தெரிஞ்சுக்கறது மரவள்ளிய விட இன்னும் பெரிய லாபம்.

எல்லாத்தையும் ஜீன் தீர்த்துரும்னு மட்டும் நெனச்சுராதீங்க. 2020ல மரவள்ளி மாவுப்பூச்சி நாட்டுக்குள்ள வந்து நம்ம பக்கம் எவ்வளவு அழிச்சதுன்னு அப்பாவுக்குத் தெரியும். அதுக்கு வழி ஜீன்ல இருந்து வரல, ஆப்பிரிக்கால பெனின்ல இருந்து கொண்டு வந்த ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவியில இருந்து வந்துச்சு, 2022 மார்ச்ல ஏத்தாப்பூர்ல விட்டாங்க. இன்னொரு விஷயம், நைஜீரியா காட்டுல அளந்த கணக்கை வெச்சு ஆத்தூர் செம்மண்ணுல பாயிண்ட் சொல்ல முடியாது. இங்கயே நட்டு, இங்கயே பிடுங்கி, இங்கயே அளந்த டேட்டா வேணும். அதுக்கு வெயில்ல நின்னு ஒவ்வொரு செடியா நம்பர் போட்டு எடை எழுதற ஆள் வேணும். டிஎன்ஏ டெஸ்ட் வருஷா வருஷம் விலை குறையுது, ஒழுங்கா அளக்கற ஆள்தான் கம்மி. நீங்க காட்டுல வளர்ந்த பையன், கூடவே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நல்லாப் படிங்க, இந்த ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கறது ரொம்ப அபூர்வம்.

அப்பா இந்த வருஷமே செய்யறதுக்கு ஒண்ணு. நட்டு நாப்பது அம்பது நாள்ல, புது இலை விரிஞ்சிருக்கறப்ப, காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி காட்டைச் சுத்தி வரச் சொல்லுங்க. திட்டு விழுந்த செடியைப் பிடுங்கிரணும். கடைசி வரைக்கும் சுத்தமா நிக்கற செடிக்கு தண்டுல கொஞ்சம் பெயிண்ட் தொட்டு வைக்கணும், ஏன்னா அறுவடைல இலையெல்லாம் கொட்டினப்புறம் எது நோய்ச் செடி எது நல்ல செடின்னு யாராலயும் சொல்ல முடியாது. அடுத்த வருஷக் கரணை பெயிண்ட் தொட்ட செடியில மட்டும், நடுத்தண்டுல இருந்து வெட்டணும். கூடவே ஏத்தாப்பூர் போய் ஒய்டிபி 2 குச்சி கொஞ்சம் கேளுங்க, மூணு ஏக்கர்லயும் மாத்த வேணாம், அஞ்சு சென்ட்ல ஹெச் 226 பக்கத்துலயே நட்டு, அறுவடைல ரெண்டையும் தனித்தனி மூட்டையா மில்லுக்குக் கொண்டு போய் பாயிண்ட் பார்த்து எழுதி வைங்க. அந்த நம்பர் கைக்கு வந்தவுடனே எனக்கும் எழுதுங்க.